ஒரு ரூபாய்க்கு 976 ரூபாய்

கடற்கரை விடுதியில் ஓர் அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜி.எஸ்.டி. 375 ரூபாய். மொத்தம் 7,875. விடுதிக்காரர் அதே அறைக்கு ஒரே ஒரு ரூபாய் கூட்டி 7,501 என்று எழுதினால் வரி 18 சதவீதத்துக்குத் தாவும். மொத்தம் 8,851 ரூபாய் 18 காசு. வாடகை ஏறியது 1 ரூபாய். பில் ஏறியது 976 ரூபாய்.

2025 செப்டம்பர் 22-இலிருந்து இதுதான் நடைமுறை. அதற்கு முதல் நாள் வரை கீழ்த்தட்டு வரி 12 சதவீதம். அப்போது இந்தத் தாவல் 451 ரூபாயோடு நின்றது. கீழே குறைத்து, மேலே தொடாமல் விட்டதில் இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) ஓரமாக வரிசைகட்டி நிற்கும் விடுதிகளில் சூட் எடுக்க ஆசைப்படுகிறவர், மெத்தையையும் பால்கனியையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். சூட் என்று பெயர் வைத்த எதுவும் அநேகமாக இதற்கு மேலேதான் இருக்கும்.

எது சொகுசு என்று சர்க்கார் கோடு போடுவது புதிதல்ல. 1980-இல் மத்திய அரசு ஓட்டல் வரவுகள் மீது 15 சதவீத வரி கொண்டுவந்தபோது, தலைக்கு நாள் வாடகை 75 ரூபாயைத் தொட்ட அறை இருந்தால் போதும், அந்த ஓட்டல் வலையில் விழுந்தது. 1981-இல் தமிழ்நாடு தன் பங்குக்கு விடுதிகள் மீது ஆடம்பர வரிச் சட்டம் இயற்றியது. 1987-இல் வந்த செலவின வரிச் சட்டத்தில் கோடு 400 ரூபாய், வரி 10 சதவீதம். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்போது 5,000 என்று பேசி, கடைசி நேரத்தில் 7,500 ஆக்கினார்கள். 7,500-உம் அதற்கு மேலும் என்றால் 28 சதவீதம். 2019 அக்டோபரில் அது 18 ஆனது. அதாவது 7,500 ரூபாய் அறைக்கே 2017-இல் பில் 9,600.

விகிதம் இத்தனை முறை மாறியும் 7,500 என்ற எண் மட்டும் நகரவில்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாகக் கொண்டால், 2017-இன் 7,500 எட்டு ஆண்டில் 11,081 ஆகியிருக்க வேண்டும். அன்று நடுத்தரமாக இருந்த அறை இன்று ஒன்றும் மாறாமலே சொகுசு அறையாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்தார்களோ இல்லையோ, வரி அடித்தாயிற்று.

கோடு கிழித்தவர்கள் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள். ஒரு விடுதியில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை நாளுக்கு 7,500-க்கு மேல் விற்றிருந்தால், அந்த வளாகத்து உணவகம் முழுவதற்கும் 18 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த விதி இப்படித்தான் படிக்கப்படுகிறது. வெளியே சாலையோர உணவகத்தில் 5 சதவீதம். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் அடக்கமாகத் தங்கியிருக்கலாம். போன வருஷம் யாரோ ஒருவர் எதிர்ச் சிறகில் சூட் எடுத்தார் என்பதற்காக, உங்கள் 300 ரூபாய் தோசை 315 ஆகாமல் 354 ஆகும். குடும்பமாக இரண்டு வேளை சாப்பிட்டு 6,000 ரூபாய் ஆனால் வரி 300 அல்ல, 1,080. அடுத்தவர் சூட்டுக்கு நாம் கட்டும் மொய் 780 ரூபாய்.

வரி இப்போது அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் வாடகைக்கு அல்ல, உண்மையில் வாங்கும் வாடகைக்கு. அதனால் ஒரே அறை செவ்வாய்க்கிழமை கீழ்த்தட்டிலும் சனிக்கிழமை மேல்தட்டிலும் இருக்கும். செவ்வாய் 7,200 என்றால் பில் 7,560. சனி 9,800 என்றால் 11,564. வாடகை வித்தியாசம் 2,600, கொடுப்பது 4,004. இதே கணக்கில் இரண்டு தம்பதிகள் சேர்ந்து போனால், 7,500 ரூபாய் அறை இரண்டு எடுத்தால் 15,750; 15,000 ரூபாய்க்கு இரட்டைப் படுக்கையறை சூட் ஒன்று எடுத்தால் 17,700. சேர்ந்திருக்கும் சந்தோஷத்துக்கு 1,950 ரூபாய்.

இனி சூட்டுக்கே வருவோம். நட்சத்திரத் தகுதி தரும் சுற்றுலா அமைச்சக விதிப்படி ஐந்து நட்சத்திர விடுதியில் குளியலறை நீங்கலாக அறை குறைந்தது 200 சதுர அடி இருக்க வேண்டும். மொத்த அறைகளில் 2 சதவீதமாவது சூட் ஆக இருக்க வேண்டும். நூறு அறைக்கு இரண்டு. நடைமுறையில் இந்தக் கரை விடுதிகளில் அறைகள் அதைவிடப் பெரியவை. கணக்குக்காக 400 சதுர அடி அறை 12,000 ரூபாய், 900 சதுர அடி சூட் 36,000 ரூபாய் என்று கொள்கிறேன். அறையில் ஒரு சதுர அடிக்கு 30 ரூபாய், சூட்டில் 40. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற கடைத்தெரு நியாயம் இங்கே தலைகீழ். கூடுதலாகக் கிடைப்பது நின்று நடமாட வெறும் தரை. அதற்குத்தான் அதிக விலை.

அந்தச் சூட்டுக்கு வரியோடு 42,480. மாலை 3 மணிக்குச் சாவி தந்து மறுநாள் காலை 11-க்குத் திருப்பி வாங்கிக்கொண்டால் கையில் இருப்பது 20 மணி நேரம். மணிக்கு 2,124 ரூபாய். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 16,992. ஐந்து மணி நேரம் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் பார்க்கப் போனால், பூட்டிக் கிடக்கும் சூட்டுக்கு 10,620. ரதங்களையும் கோயிலையும் பார்க்க உள்ளே நுழையத் தொல்லியல் துறை இந்தியரிடம் வாங்குவது தலைக்கு 40 ரூபாய். ஓர் இரவுச் சூட் பணத்தில் 1,062 பேர் ஐந்து ரதங்களைப் பார்த்துவிடலாம். ஒரு கல்யாண மண்டபம் கொள்ளும் கூட்டம்.

விடுதிக்காரர் பக்கமும் கணக்கு இருக்கிறது, அது சட்டத்தில் தொடங்குகிறது. 1991 பிப்ரவரி 19-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது அது. 200-க்கும் 500-க்கும் இடையில் அனுமதி பெற்று விடுதி கட்டலாம் என்றது: மனை குறைந்தது 0.4 ஹெக்டேர், உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும், எல்லாத் தளமும் சேர்ந்து மனையின் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 0.4 ஹெக்டேர் என்பது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதில் கட்டக் கிடைப்பது 1,320 சதுர மீட்டர், ஏறக்குறைய 14,200 சதுர அடி. பாதி சமையலறைக்கும் நடைக்கும் பணியாளர் புழக்கத்துக்கும் போனால் மிச்சம் 7,100. அதில் 400 சதுர அடி அறை 17 வரும். 900 சதுர அடி சூட் 7 வரும்.

பதினேழு அறைகளும் மூன்றில் இரண்டு நாள் நிரம்பினால் நாள் வரவு 1,36,000. ஏழு சூட்டும் நிரம்பினால் 2,52,000, ஆனால் நிரம்பாது. பாதி நாள் நிரம்பினால் 1,26,000, அறைகளைவிடக் குறைவு. 54 சதவீதத்தைத் தொட்டால்தான் சூட் அறையோடு சமன். மாடி ஏற முடியாத கரையில், இருக்கிற அடியை அதிக விலைக்கு விற்கிற பந்தயம் இது. செவ்வாய்க்கிழமையன்று வரவேற்பறையில் நின்று பணிவாகக் கேட்டால் சில சமயம் அறை வாடகைக்கே சூட் கிடைப்பதன் ரகசியமும் இந்த 54-தான்.

1991-க்கு முன்பே எழுந்துவிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோவளத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் 1974-இல் திறந்தது. அலைக்கு அவ்வளவு அருகில் குடில்கள் நிற்பது அந்த முந்திக்கொண்ட 17 ஆண்டுகளின் பலன். டச்சுக் கோட்டை இருந்த இடம் என்று விடுதியின் விளம்பரம் சொல்லும். ஆனால் கோவளத்தின் பழைய கணக்கில் பேர் பெற்றவர்கள் வேறு: 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வணிகம் செய்தது, ஆற்காட்டு நவாப் சாதத் பந்தர் என்ற கோட்டையை எழுப்பினார், 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரமாகப் பிடித்தார்கள், 1752-இல் ஆங்கிலேயரான ராபர்ட் கிளைவ் கைப்பற்றி வெடிவைத்துத் தகர்த்தான். அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கோட்டையும் அவன் கைக்குப் போனது. ஐயத்துக்கு இடமில்லாத டச்சுக் கோட்டை பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் போக வேண்டும். அங்கே தங்க அறை இல்லை. மதிலும் கல்லறைகளும் உண்டு.

பழமையையும் சர்க்கார் எண்ணால்தான் அளக்கிறது. பாரம்பரிய விடுதி என்ற தகுதிக்குக் கட்டடம் 1950-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும்; உயர்வகைக்கு 1935. இந்தக் கரையின் பேர்போன விடுதிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. சரித்திரம் உள்ள சூட்டில்தான் படுப்பேன் என்பவர் சென்னைக்கே திரும்பி கன்னிமாராவில் அறை எடுக்க வேண்டும். 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரை 1890-இலிருந்து தாங்கி நிற்கும் ஓட்டல் அது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்துப் புதுப்பித்தார்.

அரசும் இங்கே விடுதி நடத்திப் பார்த்தது. மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் மாமல்லபுரத்தில் டெம்பிள் பே அசோக் விடுதியை வைத்திருந்தது. தனியார்மயத்தின்போது 2002-இல் அது ஜி.ஆர்.டி. குழுமத்துக்குப் போனது. விலை 6.13 கோடி ரூபாய். மேலே சொன்ன 36,000 ரூபாய் சூட் ஒன்றே ஒன்று தினமும் விற்றால் 1,703 இரவில், அதாவது நாலே முக்கால் ஆண்டுக்குள், அந்தத் தொகை வந்துவிடும். அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு என்பார்கள், சரி. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றினாலும் 23 ஆண்டில் 23.4 கோடி. கடலைப் பார்த்த அந்த நிலத்துக்கு, அந்தக் கோயில் காட்சிக்கு, இது மலிவு என்பதே என் தீர்ப்பு. வாங்கியவர்கள் அதன்மேல் பெரும் பணம் போட்டு வளர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; விற்றவர்கள் காட்சிக்கு விலை போடவில்லை.

இன்று ராடிசன் ப்ளூ என்ற பெயரில் இயங்கும் அந்த விடுதியின் நீச்சல் குளம் 27,000 சதுர அடி. சராசரி ஆழம் 4 அடி என்று கொண்டால் கொள்ளளவு 30 லட்சத்து 58 ஆயிரம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு கிராமவாசிக்கு நாளுக்கு 55 லிட்டர். குளத்து நீர் 55,600 பேரின் ஒரு நாள் பங்கு. குளத்தை தினமும் மாற்றுவதில்லை, வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் வெயில் வடிகட்டித் திருப்பித் தராது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 12,540 லிட்டர். தினமும் 228 பேரின் தண்ணீர்.

குளியலறைக் கணக்கும் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஐந்து நட்சத்திர விடுதியில் ஒரு தலைக்கு நாளுக்கு 320 லிட்டர் என்று திட்டமிடச் சொல்கிறது. சலவையும் சமையலும் பணியாளரும் குளமும் இதில் சேராது. நகர வீட்டில் 135. சூட்டில் இரண்டு பேர் என்றால் 640 லிட்டர். 1991 அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்றது. அதற்கு அப்பாலும் அனுமதியோடுதான். எடுத்தால் உப்பு ஏறும், ஊர்க் கிணறும் கெடும்.

தண்ணீருக்கு உண்மை விலை என்ன என்பதற்குச் சான்று இதே கரையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் நிற்கிறது. நெம்மேலியில் 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது; 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்று அதன் பக்கத்தில் சேர்ந்தது. இரண்டாவதன் செலவு 1,516.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு ஒரு லிட்டர் தரும் திறனுக்கு 101 ரூபாய் முதலீடு. ஒரு விருந்தாளியின் 320 லிட்டருக்கு 32,000 ரூபாய்க்கு மேல். மின்சாரம் தனி, பராமரிப்பு தனி. அந்தத் தண்ணீர் போவது சென்னைக்கு. ஒரு சூட்டின் ஓர் இரவு வாடகைக்கு ஏறத்தாழச் சமமான முதலீடு, ஒரே ஒரு விருந்தாளி குளித்துக் கைகழுவ. விடுதி பில்லில் இப்படி ஒரு வரி எந்தக் காலத்திலும் அச்சாவதில்லை.

இந்தக் கரையின் அறைகளுக்குப் பெரிய பரீட்சை இரண்டு முறை வந்தது. 2019 அக்டோபர் 11, 12-இல் பிரதமர் மோடியும் சீன அதிபர் சி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். பிரதமர் தங்கியது கோவளம் தாஜில். இரண்டாம் நாள் பேச்சும் அங்கேதான். சீன அதிபர் தங்கியது கிண்டியில், 600 அறை கொண்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில். விருந்தாளி இரண்டு நாளில் காரிலேயே 150 கிலோமீட்டருக்கு மேல் போய்வந்தார். காட்சி கடற்கரையில், கட்டில் நகரத்தில்.

2022-இல் வந்தது பெரிய கூட்டம். ரஷ்யாவில் நடக்க வேண்டிய சதுரங்க ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தது. தயாராகக் கிடைத்தது நாலு மாதம் சொச்சம். பொதுப் பிரிவில் 188 அணி, மகளிர் பிரிவில் 162 அணி. ஆட வந்தவர்கள் மட்டும் 1,737 பேர். அறைக்கு இருவர் என்றால் 869 அறை. 13 இரவுக்கு 11,297 அறை-இரவு. பயிற்சியாளர், நடுவர், அலுவலர் இதில் சேரவில்லை. தமிழக அரசு மொத்த ஏற்பாட்டுக்கும் ஒதுக்கியது 92.13 கோடி ரூபாய். கரையோர விடுதிகள் பலவற்றில் பிரித்துத் தங்கவைத்துச் சமாளித்தார்கள். அங்கே சூட் எண்ணிக்கை யாருக்கும் உதவவில்லை, கட்டில் எண்ணிக்கைதான் உதவியது.

வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றி ஒரே ஒரு எண். கொரோனா இன்னும் முழுதாக விடாத 2021-22-இல், கட்டணம் வாங்கும் தொல்லியல் சின்னங்களில் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984. தாஜ் மகாலுக்கு 38,922. அத்தனை பேரும் வெளிநாட்டவருக்கான 600 ரூபாய்ச் சீட்டு வாங்கியிருந்தால் 8.7 கோடி ரூபாய். டெம்பிள் பே அசோக்கை விற்ற விலையைவிட அதிகம், அதுவும் ஒரே ஆண்டில்.

கரையோரமாக நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. அதே 1991 அறிவிக்கை, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே மக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் வழி விடச் சொன்னது. ஆனால் அந்த வழிகள் 500 மீட்டருக்கு ஒன்றைவிட நெருக்கமாக வேண்டியதில்லை. 500-க்கு 20 என்றால் நூற்றுக்கு நாலு. வலையும் கட்டுமரமும் விளையாடப் போகும் பிள்ளைகளும் அந்த நாலுக்குள். கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அங்கே சூரியோதயம் பார்க்க சூட் வேண்டாம்.

பணம் இருக்கிறது, ஒரு முறை அனுபவித்தே தீருவது என்று முடிவு செய்தவரை நான் தடுக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வரி நீங்கலாக வாடகை 7,500-க்கு எந்தப் பக்கம்? வளாகத்து உணவகத்தில் வரி 5-ஆ, 18-ஆ? சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும், எத்தனை மணிக்குப் போகும்? கோயில் பார்க்க வருகிறீர்கள் என்றால் 7,500-க்கு உட்பட்ட அறை போதும், சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் நகராமல் இருபது மணி நேரமும் உள்ளேயே கிடக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் சூட் எடுங்கள், அதையும் வார நாளில் எடுங்கள்.